தோட்டத்துப் பாதைக்கு வந்த பணத்தின் கணக்கை யாரிடம் கேட்பது?

கேள்வி: தோட்டப் பாடசாலை ஆசிரியை

நான் நுவரெலியா மாவட்டத்தின் தோட்டமொன்றில் பிறந்து, இப்போது அதே தோட்டத்துப் பாடசாலையில் கற்பிக்கிறேன். தோட்டத்தின் பெயரையோ, சம்பந்தப்பட்ட அரசியல்வாதி, அலுவலகம் ஆகியவற்றின் பெயரையோ இங்கே எழுதப் போவதில்லை. என் கேள்விக்கு அவை தேவைப்படவும் இல்லை.

தோட்டத்தின் மேல் பிரிவான எங்கள் மேற்கணக்கில் நான்கு லயங்கள், அதாவது தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகள், இருக்கின்றன. பிரதான வீதியிலிருந்து அங்கே ஏறுவதற்கு நீண்ட காலமாக ஒரு மண்பாதைதான் இருந்தது. மழைக்காலத்தில் நோயாளியைக் கதிரையில் உட்கார வைத்து நான்கு பேர் சுமந்து இறக்குவார்கள். தம்பி பிறக்கவிருந்த இரவில் என் தாயையும் அப்படித்தான் இறக்கினார்கள். இரண்டு வருடங்களுக்கு முன்னர் இந்தப் பாதைக்குக் கொங்கிரீட் இடுவதற்கு அரசாங்க நிதி வந்தது. பூசை வைத்தோம், மாலை போட்டோம், பெயர்ப்பலகையைத் திறந்தோம். அந்தப் பலகையில் அரசியல்வாதியின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது. எத்தனை மீற்றர், எவ்வளவு பணம், வேலையைச் செய்தவர் யார் என்ற விபரம் எதுவும் அதில் இல்லை. பாதை இரண்டாவது லயத்தோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் இன்னமும் சேறுதான். போட்ட பகுதியும் முதல் மழைக்காலத்திலேயே ஓரம் உடைந்து, இப்போது சல்லி தனியாகவும் மணல் தனியாகவும் கழன்று வருகிறது.

தோட்டத் தலைவரிடம் மெதுவாகக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை, உண்மையான அக்கறையோடுதான் பதில் சொன்னார். "டீச்சர், இதைக் கிளறினால் அடுத்த தடவை வீடு கொடுக்கும் பட்டியலில் நம் கணக்கின் பெயரே வராது" என்றார். பிள்ளைகளின் பெற்றோரிடம் பேசியபோது, "இவ்வளவாவது போட்டுத் தந்தார்களே" என்று பலர் சொன்னார்கள். அந்தச் சொல் என்னை மிகவும் வருத்துகிறது. அது வரிப்பணம்; சீனி வாங்கும்போதும் மண்ணெண்ணெய் வாங்கும்போதும் நாங்களும் கட்டுகிற வரி. அது எப்படி ஒருவர் தந்த கொடையாக மாறியது?

பத்தாம் வகுப்பில் குடியுரிமைக் கல்வி கற்பிக்கும்போது, மக்களாட்சியில் ஆட்சியாளர் மக்களுக்குப் பொறுப்புக்கூற வேண்டும் என்று கரும்பலகையில் எழுதுகிறேன். தேர்தலில் வாக்களிப்பதைத் தவிர, ஒரு லயத்து மனிதர் அந்தப் பொறுப்பைக் கேட்டுப் பெறுவதற்கு நடைமுறையில் என்ன வழி இருக்கிறது? கேட்பவர்களுக்கு வரக்கூடிய இழப்பைக் குறைப்பதற்கு வழி உண்டா? அனுபவப்பட்டவர்கள் எழுதுங்கள்.


பதில்: ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், ஹட்டன்

மகள், நான் அரசாங்க அலுவலகங்களின் கணக்குப் பிரிவுகளில் நீண்ட காலம் வேலை செய்தவன். உங்கள் பாதையின் மிகுதிப் பகுதி எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பாதையின் கோப்பு எப்படி இருக்கும் என்று நன்றாகத் தெரியும், அதைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

முதலில் பணம் வந்த வழியைக் கண்டறியுங்கள். பாராளுமன்ற உறுப்பினர் தன் பகுதியின் வேலைகளுக்கு முன்மொழியும் பன்முகப்படுத்தப்பட்ட நிதியாக இருந்தால், அது மாவட்டச் செயலகத்தின் ஊடாகப் பிரதேச செயலகத்துக்கு வந்திருக்கும். அமைச்சின் நிதி, மாகாண சபையின் நிதி, பிரதேச சபையின் நிதி ஆகியவற்றுக்கு வேறு வேறு வழிகள் இருக்கின்றன. அரசியல்வாதி வேலையை முன்மொழிகிறார், அவ்வளவுதான். பணத்தை விடுவித்துக் கையெழுத்திடுபவர் அரச உத்தியோகத்தர். பலகையில் யாருடைய பெயர் இருந்தாலும், அந்தப் பணத்துக்குச் சட்டப்படி பதில் சொல்ல வேண்டியவர் அந்த நிறுவனத்தின் கணக்கீட்டு உத்தியோகத்தரே ஆவார். ஆகவே உங்கள் கேள்வி அரசியல்வாதியின் வீட்டு வாசலுக்குப் போக வேண்டியதில்லை, அலுவலகத்துக்குப் போனால் போதும்.

இரண்டாவது, சிறு வேலைகள் பெரும்பாலும் பகிரங்கக் கேள்விப்பத்திரம் (டெண்டர்) கோராமல், அந்த இடத்துக் கிராம அபிவிருத்திச் சங்கம் போன்ற ஒரு சமூக அமைப்புக்கு நேரடியாக ஒப்படைக்கப்படுகின்றன. ஊர்ப் பணம் ஊருக்குள்ளேயே கூலியாகச் சுழல வேண்டும் என்ற நல்ல நோக்கத்துடன் செய்யப்பட்ட ஏற்பாடு அது. ஆனால் நான் பார்த்த கோப்புகள் பலவற்றில் சங்கத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோர் கையெழுத்திட்டிருப்பார்கள், வேலையை வெளியிலிருந்து வந்த கொந்தராத்துக்காரர் செய்திருப்பார். சங்கத்துக்கு ஒரு சிறு தொகை, கொந்தராத்துக்காரருக்கு இலாபம், இடையில் இன்னும் சிலருக்குப் பங்கு. இவை அனைத்தும் கழிந்த பின்னர் மிஞ்சுவதில்தான் சீமெந்து வாங்குவார்கள். உங்கள் கணக்கிலும் ஒரு சங்கத்தின் பெயரில் ஒப்பந்தம் எழுதப்பட்டிருக்கக்கூடும், அதன் உறுப்பினர்களுக்கே தெரியாமல். கையெழுத்திட்ட மூவர் உங்கள் அயலவராக இருக்கலாம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இந்த வேலையைத் தொடங்க வேண்டும்.

எந்த வழியில் வந்த வேலையானாலும் கோப்பில் இருக்க வேண்டிய தாள்கள் ஏறத்தாழ ஒன்றுதான். தொழில்நுட்ப உத்தியோகத்தர் தயாரித்த மதிப்பீடு இருக்கும். அதில் பாதையின் நீளம், அகலம், கொங்கிரீட்டின் தடிப்பு, சீமெந்தும் சல்லியும் கலக்க வேண்டிய விகிதம் ஆகியவை எழுதப்பட்டிருக்கும். பிறகு ஒப்பந்தம். பிறகு, வேலை முடிந்ததும் அளந்து எழுதிய அளவீட்டுத் தாளும் நிறைவுச் சான்றிதழும். அவற்றின் மேல் பணம் கொடுத்த வவுச்சர். ஊழல் நடந்திருந்தால் அது பெரும்பாலும் அந்த அளவீட்டுத் தாளில்தான் ஒளிந்திருக்கும், ஏனென்றால் இல்லாத மீற்றரை இருப்பதாக எழுதாமல் அதற்குப் பணம் கொடுக்க முடியாது. அந்தத் தாளின் பிரதி உங்கள் கையில் இருந்து, பாதையை நீங்களே அளந்து பார்த்தால், மேற்கொண்டு யாருடனும் வாதாட வேண்டியிராது. இன்னொன்றையும் கவனியுங்கள். பெரும்பாலான ஒப்பந்தங்களில் தொகையின் ஒரு பகுதியைக் குறைபாடு திருத்தும் காலம் முடியும்வரை பிடித்து வைப்பார்கள். அது விடுவிக்கப்பட்டுவிட்டதா, விடுவிக்குமுன் உடைந்த ஓரங்களை யார் வந்து பார்த்தார் என்றும் கேட்க வேண்டும்.

இந்தத் தாள்களைப் பெறுவதற்கு உங்களுக்குச் சட்ட உரிமை இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் அதில் இல்லை. எழுத முடியாதவர் வாய்மொழியாகக் கேட்டால், தகவல் உத்தியோகத்தர் அதை எழுத்தில் பதிந்துகொள்ள வேண்டும். விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் அத்தாட்சி தர வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ பதிலே வராவிட்டாலோ 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடம் மேன்முறையீடு செய்யலாம். அவர் மூன்று வாரங்களில் முடிவு தர வேண்டும். அதுவும் பயன்படாவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவிடம் போகலாம். கோப்பு தொலைந்துவிட்டது என்று சொன்னால் அஞ்ச வேண்டாம். சட்டம் நடைமுறைக்கு வந்த பின்னர் உருவான பதிவுகளைக் குறைந்தது 12 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்றும், தகவலை வேண்டுமென்றே அழிப்பது குற்றம் என்றும் அதே சட்டம் சொல்கிறது.

விண்ணப்பத்தில் "ஊழல்" என்ற சொல்லை எழுதாதீர்கள். "ஏன் பாதை முடியவில்லை" என்றும் கேட்காதீர்கள். ஏன் என்ற கேள்விக்கு ஒரு கதையை எழுதி அனுப்பிவிடலாம். மதிப்பீட்டின் பிரதி, ஒப்பந்தத்தின் பிரதி, அளவீட்டுத் தாளின் பிரதி, வவுச்சரின் பிரதி என்று தாளின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். தாள் ஒன்று இருக்கிறது, அல்லது இல்லை. இரண்டில் எந்தப் பதில் வந்தாலும் அது உங்களுக்கு உதவும்.


பதில்: பிரதேச சபையின் முன்னாள் உறுப்பினர்

மேலே எழுதிய ஐயாவின் விளக்கம் சரியானது. ஆனால் மறுபக்கத்திலிருந்தும் ஒருவர் பேச வேண்டும் என்பதால் எழுதுகிறேன். நானும் லயத்தில் வளர்ந்து சபைக்குப் போனவன்.

தோட்டத்துப் பாதைகள் அனாதையானதற்கு ஊழல் மட்டும் காரணம் என்று நினைக்க வேண்டாம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டக் காணிக்குள் சபையின் பணத்தைச் செலவிட முடியாது என்று நீண்ட காலமாக எங்கள் மக்களைத் திருப்பி அனுப்பினார்கள். நாம் வாக்களித்த சபை நம் வாசலுக்கு வராது. 2018ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வந்த பின்னர்தான் அந்தத் தடை நீங்கியது. அதே காலப்பகுதியில் அம்பகமுவை, நுவரெலியா ஆகிய இரண்டு பெரிய சபைகளும் பிரிக்கப்பட்டு, நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை ஆகிய சபைகள் தோன்றின. சட்டம் திறந்தது, சபைகள் கூடின, ஆனால் வருமானம் கூடவில்லை. லயத்து வீடுகளுக்குச் சபை ஆதன வரி அறவிடுவதில்லை, கடைத்தெருவோ மிகச் சிறியது. ஆகவே ஒவ்வொரு உறுப்பினரும் மேலே இருக்கும் ஒருவரிடம் கையேந்தித்தான் பாதை கொண்டுவர வேண்டியிருக்கிறது. கையேந்தி வாங்கியதற்குப் பலகையில் அவருடைய பெயரை எழுதித்தான் ஆக வேண்டும்.

இன்னொரு உண்மையையும் மறைக்காமல் சொல்கிறேன். என் வட்டாரத்தில் என்னிடம் பாதையின் கணக்கைக் கேட்டவர் ஒருவரும் இல்லை. மரண வீட்டுக்குக் கூடாரம், கோயில் திருவிழாவுக்கு நன்கொடை, மகனுக்குச் சிற்றூழியர் வேலை, கூரைக்குத் தகரம் ஆகியவற்றைத்தான் கேட்டார்கள். சபையால் கிடைக்கும் கொடுப்பனவில் இவற்றில் எதையும் செய்ய முடியாது. செய்து கொடுத்த உறுப்பினர்கள் அந்தப் பணத்தை எங்கிருந்து எடுத்தார்கள் என்று ஊர் கேட்கவில்லை. செய்யாத என்னைத்தான் அடுத்த தேர்தலில் தோற்கடித்தது. ஊழலை நியாயப்படுத்துவதற்காக இதை எழுதவில்லை. ஆசிரியை கேட்ட கேள்விக்கு, கொடை என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதற்கு, இதுவும் பதிலின் ஒரு பகுதி.

ஒரு நடைமுறை யோசனை. சபையின் நிதி, வீடமைப்பு, தொழில்நுட்பம், சுற்றாடல் ஆகிய குழுக்களில் உறுப்பினர் அல்லாத பிரதேசவாசிகளையும் சேர்த்துக்கொள்வதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆசிரியை போன்ற ஒருவர் தொழில்நுட்பக் குழுவில் உட்கார்ந்தால், கொங்கிரீட் காய்வதற்கு முன்னரே கேள்வி கேட்கலாம். தவிசாளர்கள் தாமாகக் கூப்பிட மாட்டார்கள். எழுத்தில் கேளுங்கள்.


பதில்: பசறைப் பக்கத்துத் தங்கச்சி

டீச்சர் அக்கா, உங்கள் தலைவர் சொன்ன வார்த்தையை எங்கள் தோட்டத்திலும் கேட்டிருக்கிறோம். எங்களுக்கு அது தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைமடுவத்தின் மலசலகூடத்தைப் பற்றிச் சொல்லப்பட்டது. கட்டி முடித்ததாகக் கணக்கு எழுதப்பட்டது, ஆனால் தண்ணீர்க் குழாய் பொருத்தப்படவேயில்லை. நாங்கள் மாதர் சங்கத்துப் பெண்கள் ஒன்பது பேர் சேர்ந்து தகவல் விண்ணப்பம் போட்டோம். அந்த அனுபவத்தில் கற்றதை மட்டும் எழுதுகிறேன்.

தனியாகக் கையெழுத்திடாதீர்கள். சட்டப்படி ஒருவர் போதும் என்பது உண்மைதான், ஆனால் ஒருவருடைய பெயர் இருந்தால் அன்று மாலையே அந்த வீட்டுக்கு ஆள் வரும். ஒன்பது பேரும் ஒரே கேள்வியைத் தனித்தனி விண்ணப்பமாகப் போட்டபோது யாரைக் கூப்பிட்டு மிரட்டுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. எங்களில் மூவர் ஓய்வுபெற்ற பெண்கள். அவர்களுக்கு இனி மலையில் வேலைக்குப் பெயர் போட வேண்டியதில்லை, சம்பளத்தில் வெட்டுவதற்கும் எதுவும் இல்லை. அதனால் முன்வரிசையில் அவர்கள் நின்றார்கள். முதல் தடவை நேரில் கொண்டுபோனபோது விண்ணப்பத்தை வாங்க மறுத்தார்கள். அடுத்த நாள் பதிவுத் தபாலில் அனுப்பினோம். அந்தத் துண்டுச் சீட்டுத்தான் பிறகு மேன்முறையீட்டுக்கு உதவியது.

முழு வெற்றி கிடைத்தது என்று சொல்ல மாட்டேன். பாதித் தாள்கள்தான் வந்தன. பணம் திரும்பி வரவில்லை, ஒருவரும் தண்டிக்கப்படவும் இல்லை. ஆனால் விண்ணப்பம் போன ஆறாம் வாரத்தில் குழாய் வந்தது. யார் அனுப்பினார்கள் என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. வீட்டுப் பட்டியலிலும் எங்கள் பெயர்கள் வெட்டப்படவில்லை.

"இவ்வளவாவது போட்டுத் தந்தார்களே" என்று உங்கள் பாடசாலைப் பிள்ளைகளின் பெற்றோர்கள் சொன்னதற்கு அவர்கள் மேல் வருத்தப்படாதீர்கள், அக்கா. கொழுந்து நிறுக்கும் இடத்தில் நம் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீருக்கும் சாக்குக்கும் என்று இரண்டு கிலோ கூடுதலாகக் கழித்தால் அந்த இடத்திலேயே கணக்கப்பிள்ளையுடன் சண்டை போடுவார்கள். ஏனென்றால் தராசு கண்முன்னே தொங்குகிறது, முள் எங்கே நிற்கிறது என்று தெரிகிறது, பறித்தது தன் கை என்றும் தெரிகிறது. பாதைக்கு வந்த பணத்தின் தராசை யாரும் அவர்களுக்குக் காட்டியதில்லை. எங்கள் கூட்டத்தில் நான் சட்டத்தைப் பற்றிப் பேசியபோது பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். மதிப்பீட்டுத் தாளைப் படித்து, இத்தனை சீமெந்துப் பைக்குப் பணம் எடுக்கப்பட்டிருக்கிறது என்று சொன்னவுடன், "நான் அங்கேதான் மண் சுமந்தேன், அத்தனை பை வரவே இல்லை" என்று ஒரு அம்மா எழுந்துவிட்டார்.

ஒன்று மட்டும் இந்த இழையில் யாரும் சொல்லவில்லை. பொறுப்புக்கூறலை அரசாங்கத்திடம் மட்டும் கேட்கிறோம். ஒவ்வொரு மாதமும் சம்பளத்திலிருந்து தொழிற்சங்கச் சந்தா வெட்டப்படுகிறது. அந்தப் பணத்தின் வரவு செலவை எத்தனை தோட்டங்களில் வாசித்துக் காட்டுகிறார்கள்? 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டத்தின்படி பதிவு செய்யப்பட்ட ஒவ்வொரு சங்கமும் ஆண்டுதோறும் பதிவாளருக்குக் கணக்கு அனுப்ப வேண்டும். நம் சமூகத்தில் தொழிற்சங்கத் தலைவர்களே அரசியல்வாதிகளாகவும் இருக்கிறார்கள். சந்தாவின் கணக்கைக் கேட்டுப் பழகாதவர்கள் அமைச்சின் கணக்கை எப்படிக் கேட்பார்கள்?


பதில்: வழக்குரைஞர், கண்டி

தகவல் விண்ணப்பத்தைப் பற்றி மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். பலர் அவசரப்பட்டு அடுத்த படிக்குத் தாவுவதைப் பார்ப்பதால், இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவைப் பற்றிச் சில விடயங்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் அவ்வாண்டு செப்ரெம்பர் 15ஆம் திகதி நடைமுறைக்கு வந்து, 1954ஆம் ஆண்டின் இலஞ்சச் சட்டத்துக்கும் 1994ஆம் ஆண்டின் ஆணைக்குழுச் சட்டத்துக்கும் பதிலாக அமைந்தது. முறைப்பாட்டாளரையும் தகவல் தருபவரையும் பழிவாங்கலிலிருந்து பாதுகாக்கும் ஏற்பாடுகள் அதில் இருக்கின்றன. ஒரு காரியத்தைச் செய்து கொடுப்பதற்குப் பாலியல் இணக்கத்தைக் கேட்பதும் குற்றமாக்கப்பட்டுள்ளது. தோட்டத்துப் பெண்கள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். பாராளுமன்ற உறுப்பினர் முதல் பிரதேச சபை உறுப்பினர் வரை ஒவ்வொருவரும் மார்ச் 31ஆம் திகதி நிலவரப்படியான சொத்து விபரத்தை ஜூன் 30ஆம் திகதிக்கு முன்னர் ஆண்டுதோறும் சமர்ப்பிக்க வேண்டும். அதே சட்டத்தில், பொய்யென்று தெரிந்தே ஒருவர்மேல் குற்றஞ்சாட்டுவதும் குற்றமாகும். ஆகவே ஆசிரியை முதலில் தாள்களைப் பெற்று, பாதையை அளந்து, அளவீட்டுத் தாளுக்கும் நிலத்துக்கும் இடையில் வேறுபாடு இருந்தால் மட்டுமே அங்கே போக வேண்டும். 1954 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்தும் முறையிடலாம். ஆனால் கோபத்தோடு சொன்ன கதையை வைத்து ஆணைக்குழுவால் வழக்கு நடத்த முடியாது.

நீதிமன்றத்தால் எதுவரை போக முடியும் என்பதற்கு எங்கள் மாவட்டத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். 2015ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலுக்கு முன்னர் அரசாங்க விற்பனை நிறுவனமான சதொசவின் ஊடாக 14,000 கரம் பலகைகளும் 11,000 தாம் பலகைகளும் இறக்குமதி செய்து பகிர்ந்ததில் அரசுக்கு 5 கோடி ரூபாவுக்கு மேல் நட்டம் ஏற்படுத்திய வழக்கில், அப்போதைய விளையாட்டுத்துறை அமைச்சரும் கண்டி மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினருமான மஹிந்தானந்த அளுத்கமகேவுக்குக் கொழும்பு மேல் நீதிமன்றம் 2025 மே 29ஆம் திகதி 20 ஆண்டுகளும், முன்னாள் அமைச்சர் நளின் பெர்னாண்டோவுக்கு 25 ஆண்டுகளும் சிறைத்தண்டனை விதித்தது. விளையாட்டுப் பொருள் என்பதால் சிலர் இதைச் சிறிய விடயமாகப் பேசினார்கள். எனக்கு இது மிக முக்கியமான தீர்ப்பு. அரச பணத்தில் வாங்கிய பொருளைத் தேர்தல் காலத்தில் அன்பளிப்பாகக் கொடுக்கும் வழக்கத்தையே அது தொட்டது. உங்கள் பெயர்ப்பலகையும் அந்த வழக்கத்தைச் சேர்ந்ததுதான்.

ஆனால் செயலுக்கும் தண்டனைக்கும் இடையில் பத்து ஆண்டுகள் போய்விட்டன என்பதையும் பாருங்கள். எல்லா வழக்கும் இப்படி முடிவதும் இல்லை. அதே தேர்தல் காலத்தில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் 60 கோடி ரூபாவில் சில் துணி (பௌத்தர்கள் நோன்பு நாட்களில் உடுத்தும் வெள்ளைத் துணி) பகிர்ந்த வழக்கில் ஜனாதிபதியின் முன்னாள் செயலாளருக்கும் இன்னொரு அதிகாரிக்கும் 2017இல் விதிக்கப்பட்ட தண்டனை, 2020இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்தால் நீக்கப்பட்டது. குற்றவியல் வழக்கில் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும், அப்படித்தான் இருக்கவும் வேண்டும். அதனால்தான் சிறைத்தண்டனை ஒன்றையே பொறுப்புக்கூறல் என்று எண்ணிக் காத்திருப்பது தவறு என்று நான் கருதுகிறேன்.

வேறொரு வழியும் நம் நீதிமன்றங்களில் வளர்ந்திருக்கிறது. அதிகாரம் என்பது மக்கள் நம்பி ஒப்படைத்த பொருள், அதை வைத்திருப்பவர் அதன் உரிமையாளர் ஆகமாட்டார் என்ற கோட்பாடு அது. பத்தரமுல்லையில் பொது நோக்கத்துக்காகச் சுவீகரித்த காணி தனியாரின் கோல்ஃப் மைதானமாக மாறிய வழக்கில், உயர் நீதிமன்றம் 2008இல் முன்னாள் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்கவை 30 இலட்சம் ரூபா செலுத்தும்படி பணித்தது. 2023 நவம்பர் 14ஆம் திகதி, பொருளாதார நெருக்கடிக்குக் காரணமான முடிவுகளால் கோட்டாபய, மஹிந்த, பசில் ராஜபக்சக்களும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்களும் மக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று அதே நீதிமன்றம் பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. மனுதாரர்களுக்கு வழக்குச் செலவாகத் தலா ஒன்றரை இலட்சம் ரூபாவே கிடைத்தது. கோதுமை மாவின் விலை ஏறி ரொட்டியின் அளவு சுருங்கிய லயத்து வீடுகளுக்கு அதனால் ஒரு சதமும் வரவில்லை. இருந்தாலும், யார் பொறுப்பு என்ற கேள்விக்கு நாட்டின் அதியுயர் நீதிமன்றம் பெயர்களைச் சொல்லிப் பதில் எழுதியது.

முன்னாள் உறுப்பினரின் கருத்தோடு ஓரிடத்தில் உடன்படவில்லை. மக்கள் கூடாரமும் தகரமும் கேட்டார்கள் என்பதை அவர் மக்களின் குறையாகச் சொல்கிறார். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் மலையகத்திலிருந்து ஏழு உறுப்பினர்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அடுத்த ஆண்டே 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அந்த மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது, தொடர்ந்து வாக்கும் பறிபோனது. எஞ்சியவர்களின் குடியுரிமைப் பிரச்சினை தீர்வதற்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஏறத்தாழ இரண்டு தலைமுறைகள் அரசிடம் உரிமையாக எதையும் கேட்க முடியாமல், தலைவர் ஒருவரின் செல்வாக்கின் ஊடாக மட்டுமே எதையும் பெற்றார்கள். வாக்கு இல்லாதவருக்குக் கணக்குக் கேட்கும் பழக்கம் எங்கிருந்து வரும்? அந்தக் காலத்தில் தலைவர்கள் பெற்றுத் தந்தவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. வாக்குரிமை திரும்பி வந்தது. பழைய உறவுமுறை மட்டும் மாறாமல் நின்றுவிட்டது.


பதில்: பிரதேச சபையின் முன்னாள் உறுப்பினர்

வழக்குரைஞர் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். என் எழுத்தில் மக்கள்மேல் பழிபோடும் தொனி வந்திருந்தால் அது தவறு. ஆனாலும் இன்று உறுப்பினராக இருக்கும் இளைஞர்களுக்காக ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு பாதையை நேர்மையாகச் செய்து முடித்த உறுப்பினரிடமும் அதே தாள்களைக் கேளுங்கள். கேட்கும்போது அவர் காட்டுவதற்கு ஏதாவது இருக்கும், அடுத்த தேர்தலில் கூடாரம் கொடுத்தவருக்கு முன்னால் வெறுங்கையோடு நிற்க மாட்டார்.


பதில்: தோட்டப் பாடசாலை ஆசிரியை

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். பசறைத் தங்கச்சி சொன்னபடி ஓய்வுபெற்ற இருவர் முன்வந்தார்கள். மொத்தம் பதினொரு பேர் விண்ணப்பம் எழுதினோம். நேரில் கொண்டுபோனபோது, இது எங்கள் வேலை அல்ல, வேறு அலுவலகத்தில் கேளுங்கள் என்றார்கள். எந்த அலுவலகம் என்று எழுத்தில் தரும்படி கேட்டோம், பிறகு வாங்கிக்கொண்டார்கள். ஐயா எழுதிய தாள்களின் பெயர்களை அப்படியே எழுதினோம். "ஊழல்" என்ற சொல் எங்கும் இல்லை.

பாடசாலையின் விளையாட்டுப் போட்டிக்குப் பயன்படுத்தும் அளவு நாடாவால் பாதையை இரண்டு தடவை அளந்தோம். கொங்கிரீட் இருப்பது 140 மீற்றர். அளக்கும்போது தலைவர் தன் வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில், வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் என்னைக் கண்டதும், ஒப்பந்தத்தில் தன்னிடமும் ஒரு கையெழுத்து வாங்கினார்கள் என்றும், தாள் சிங்களத்தில் இருந்ததால் என்ன எழுதியிருந்தது என்று தனக்குத் தெரியாது என்றும் சொன்னார். அதைச் சொல்வதற்கு அவர் மிகவும் சிரமப்பட்டார். அவருக்கு இதனால் ஏதாவது நேருமா என்று வழக்குரைஞர் அவர்கள் சொன்னால் நல்லது. அவர் கெட்ட மனிதர் இல்லை.

நேற்று முதலாவது பதில் வந்தது. எட்டுப் பக்கங்கள் இருக்கின்றன, முழுவதும் சிங்களம். அளவீட்டுத் தாள் எதுவென்று எனக்கு அடையாளம் தெரியவில்லை.


பதில்: ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், ஹட்டன்

மகள், அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையின்படி அவர்கள் உங்களுக்குத் தமிழில் எழுதியிருக்க வேண்டும். அதை இன்னொரு கடிதமாகக் கேளுங்கள், ஆனால் மேன்முறையீட்டுக்கான 14 நாட்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன என்பதை மறக்க வேண்டாம். எட்டுப் பக்கங்களையும் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். நீளம், அகலம், தடிப்பு என்று மூன்று நிரல்களில் எண்கள் இருக்கும் பக்கத்தை முதலில் அனுப்புங்கள். இன்று இரவே வாசித்துச் சொல்கிறேன். தலைவர் கையெழுத்திட்ட பக்கத்தை அவருக்குக் காட்டாமல் வேறு யாருக்கும் காட்டாதீர்கள்.